ஒரு சிப்பம் குறைவு

வரிசை ஒரு முழம் நகர்ந்து நின்றது. சுகந்தியும் ஒரு முழம் நகர்ந்து நின்றாள். முன்னால் இன்னும் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் முன்னால், கல்மண்டபத்துக்கு நடுவில், கரட்டு உச்சியில் இருக்கும் முருகன் கோயிலின் அந்தத் தராசு. தூணுக்குத் தூண் இரும்பு உத்தரம், உத்தரத்தில் தொங்கும் கோல், கோலின் இரண்டு முனையிலும் சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பலகைத் தட்டு. ஒரு தட்டில் ஆள், எதிர்த் தட்டில் வெல்லம். இரண்டும் சமமாக நின்றால் சாமி கேட்டுக்கொண்டது என்று அர்த்தம். இப்போது ஒரு கைக்குழந்தையை ஏற்றியிருந்தார்கள். எட்டு மாசம் இருக்கும். தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாக, மணிக்கட்டில் நூல் கட்டி இறுக்கியது போல ஒரு பள்ளம். "யப்பா, என்ன கனம்! கல்லுக்குண்டாட்டம் இருக்கறான் பாரு எஞ்சாமி" என்று யாரோ ஒருத்தி அதன் தொடையைக் கிள்ளித் தன் விரலை முத்தமிட்டாள். கூட்டம் சிரித்தது, குழந்தையும் பொக்கை வாயால் சிரித்தது. கனமாக இருப்பதைக் கொஞ்சுகிற வயது ஒன்று இருக்கிறது. அது எந்த மாசத்தோடு முடிகிறது, எந்தப் பிறந்தநாளன்று காலையில் அதே மடிப்பு அசிங்கமாகிப் போகிறது என்று எவளாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று சுகந்திக்குக் கேட்கவேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. அவள் எதையும் கேட்டதில்லை, அதுதானே வினை. பின்னால் தேங்காய்த் தட்டோடு அத்தை சம்பூர்ணம், அத்தைக்குப் பின்னால் மூத்த மருமகள் மோகனா, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் சின்ன மருமகள் சுகந்தி வயிறு திறக்கவில்லை, எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன், அதில் பொங்கல் வைத்து வருகிற சனத்துக்கெல்லாம் கொடுக்கிறேன், ஒரு பிள்ளையைக் கொடு என்று போன கிருத்திகைக்கு அத்தை வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பூபதி, சுகந்தியின் புருஷன், கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டான்! பதினாலு மாசமாகப் பெண்டாட்டியின் சுண்டுவிரலைக்கூடத் தொடாதவன், முருகா பிள்ளை கொடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். முருகன்தான் என்ன செய்வான், பாவம், அவனுக்கே இரண்டு பக்கமும் ஆள் வேண்டியிருக்கிறது. "தட்டுல ஏறினவங்க பாதியில எறங்கப்படாது, எறங்கினா வேண்டுதல் முறிஞ்சு போகும். தட்டை ஆரும் தொடப்படாது, தானா நிக்கோணும்" என்று தராசுக்காரர் மைக்கில் சொன்னார். காலையிலிருந்து நாற்பதாவது தடவை.

அப்போதுதான் அவள் மூட்டைகளைப் பார்த்தாள். அவரவர் வெல்லத்தை மண்டபத்து ஓரமாகச் சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தார்கள். "சுகந்தி பூபதி" என்ற சீட்டு பூபதியின் கையெழுத்தில் இருந்தது, அவன் மண்டிச் சீட்டில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. அதற்குக் கீழே இரண்டு சிப்பம், மேலே ஒரு சின்னப் பை. அவ்வளவுதான். சுற்றும் பார்த்தாள், தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், வேறு இல்லை. வெல்ல மண்டியில் முப்பது கிலோ மூட்டையைத்தான் சிப்பம் என்பது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே பூபதிதான், கல்யாணமான புதிதில், மண்டிக்குக் கூட்டிப்போய், வாசலில் நிற்க வைத்து. இரண்டு சிப்பம் அறுபது. பை பத்து. எழுபது. எழுபதா? மறுபடி கூட்டினாள், கூட்டுவதற்கு என்ன இருக்கிறது, எழுபதுதான். மண்டியில் பூபதியைப் பற்றி ஒரு பெருமை உண்டு. மூட்டையைத் தராசில் வைக்கும் முன்பே கண்ணால் பார்த்து எடை சொல்லுவான், கால் கிலோ தப்பாது. "எங் கண்ணு பொய் சொல்லாது அம்மிணி" என்று அவளிடமே சொல்லியிருக்கிறான், ஒரு பூசணிக்காயைப் பார்த்து, ஒரு கிடாயைப் பார்த்து, எதிர்வீட்டு மாட்டைப் பார்த்து எடை சொல்லுகிறவன். ஆறு வருஷம் பக்கத்தில் படுத்தவளின் எடை அந்தக் கண்ணுக்குத் தெரியாமலா போகும்? கண்ணை விடு, காதாலேயே கேட்டானே. போன மாசம், டவுன் ஆஸ்பத்திரியில், நர்ஸ் மிஷினைப் பார்த்து, மாடியில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொன்னாளே, "தொண்ணூத்தி எட்டு!" என்று. அவன் பக்கத்தில்தான் நின்றான், போனைப் பார்த்துக்கொண்டு. விரல் ஒரு நொடி நின்றது, பிறகு மேலே தள்ளியது. தொண்ணூற்றெட்டில் எழுபது போனால் இருபத்தெட்டு. ஏறக்குறைய ஒரு சிப்பம். ஒரு சிப்பம் சுகந்தியை மண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஏன் என்றும் அவளுக்குத் தெரியும், அந்தக் காட்சியே கண்ணில் நின்றது. சுமை தூக்குகிறவர்கள், கணக்கெழுதுகிறவர், அவன் அண்ணன், நாலு யாவாரி, எல்லோரும் நிற்க, "சம்சாரத்துக்குங்களா, எத்தனை போடறதுங்க" என்று யாரோ கேட்டிருப்பான். தொண்ணூத்தெட்டு என்று அந்த வாய்க்கு வந்திருக்காது. எழுபது என்று சொன்னபோதும் குரலைத் தணித்துத்தான் சொல்லியிருப்பான்.

காது சூடாகியது. உள்பாவாடை நாடா இடுப்பில் அறுத்தது, ரவிக்கையின் கை இறுக்கிப் பிடித்தது, தையல்காரக்கா "அளவு மாறீருச்சுங்க" என்று டேப்பைச் சுற்றி மேஜையில் வைத்த சத்தம் கேட்டது. எல்லோரும் அளக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கண்ணால் அளக்கிறாள், பந்தியில் பரிமாறுகிறவன் இலையைப் பார்த்துவிட்டு ஆளை அளக்கிறான், ஆஸ்பத்திரி டாக்டரம்மா அளந்தாளா, அதுகூட இல்லை, நர்ஸ் எழுதிய நம்பரைப் பார்த்தாள், தலையை நிமிர்த்தாமலே, "பதினஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். தைராய்டு உண்டா, சர்க்கரை உண்டா, தூரம் எத்தனை நாளைக்கு ஒருதரம், அம்மாவுக்கு எப்படி, சித்திக்கு எப்படி, எல்லாம் கேட்டாள். வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாகப் படுக்கிறீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. நாலு சுவருக்குள் உட்கார்ந்து அதைக் கேட்கத்தானே அந்த நாற்காலி! குண்டாக இருக்கிறவளுக்குக் குண்டாக இருப்பதைத் தவிர வேறு வியாதி வராது, வேறு துக்கம் வராது, தலைவலி என்று போனாலும் எடையைக் குறை, கால் சுளுக்கு என்று போனாலும் எடையைக் குறை. "குறைச்சிருவாங்க டாக்டர்" என்று பூபதி அவளுக்குப் பதிலாக வாக்குக் கொடுத்தான். என்னமோ மண்டிச் சரக்கு போல. அவளும் ஒரு லேபில்தான் வேலை பார்க்கிறாள், ரத்தம் எடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது கை நீட்டப்படும் அவள் முன்னால். ஒல்லிக் கை, தடித்த கை, மருதாணி போட்ட கை, சாராயத்தில் நடுங்குகிற கை. எந்தக் கையையும் அவள் முகத்தைச் சுளித்துப் பிடித்ததில்லை. நரம்பு தெரியாத கொழுத்த கை வந்தால் மற்றப் பெண்கள் "சுகந்தியக்காகிட்டப் போங்க" என்று அனுப்புவார்கள். அவள் கண்ணால் தேடுவதில்லை, இரண்டு விரலை வைத்து, மெதுவாக, சதைக்கு அடியில் நரம்பு எங்கே துள்ளுகிறது என்று காத்திருப்பாள். துள்ளும். எல்லா உடம்பிலும் துள்ளும். "போட்டதே தெரியலைங்" என்று எழுந்து போவார்கள். அந்த இரண்டு விரல் அளவுக்குப் பொறுமை, அந்த இரண்டு விரல் அளவுக்கு ஒரு தேடல், அவள் கேட்டது அவ்வளவுதான். வரிசை நகர்ந்தது. இன்னும் நான்கு பேர்.

அவனுக்குப் பிடிக்காமல் இருந்ததா என்றால், அதுதான் இல்லை. பிடிக்காதவனாக இருந்திருந்தால் இத்தனை ஆத்திரம் வந்திருக்காது, போடா என்று இருந்திருப்பாள். பிடித்திருந்தது. முதல் வருஷம் அவள் வயிற்றில் முகத்தை வைத்துத்தான் தூங்குவான். "உன்னையாட்டம் ஒரு மெத்தை ஊரு ஒலகத்துல இல்லையாக்கும்" என்பான். விளக்கை அணைத்தபிறகு. எப்போதும் அணைத்தபிறகு. இருட்டில் அவன் கைக்கு அவள் உடம்பு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியும், அந்தக் கை பொய் சொல்லவில்லை, பசித்தவன் சோற்றுப் பானையைத் தேடுகிறது போலத்தான் தேடியது. விடிந்தால் அதே ஆள் தெருவில் பத்தடி முன்னால் நடந்தான். பஸ் ஸ்டாண்டில், சந்தையில், கல்யாண மண்டபத்தில், எங்கேயும் பத்தடி. அவளும் எட்டிப் பிடிக்க வேகமாக நடந்து பார்த்தாள், மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கினால் வேடிக்கை பார்ப்பார்கள் என்று மெதுவாக நடந்தாள். பத்தடி இருபதடியாகியது. வண்டியில் அவளை ஏற்றினால் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பின் டயரை அமுக்கிப் பார்ப்பான், ஒவ்வொரு தடவையும். போட்டோ எடுக்கும்போது "நீ அப்பிடிக் கொஞ்சம் பொறத்தால நில்லு, கொழந்தைகளை முன்னால விடு" என்பான். இருட்டில் மெத்தை, வெளிச்சத்தில் மூட்டை. இதை எந்தப் பொம்பளையிடம் சொல்லி அழுவது? சொன்னால், உனக்கு அந்த இருட்டாவது இருக்கிறதே என்பார்கள். அவனுக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? நாலு வருஷத்தில் அவனுக்கும் தொப்பை விழுந்துவிட்டது, சட்டையின் கீழ்ப் பித்தானுக்கும் அதற்கு மேல் பித்தானுக்கும் நடுவில் பனியன் தெரிகிறது. "மண்டி யாவாரம் ஓடுதாட்ட இருக்குது, ஆளு நல்லா வளமா இருக்கறீங்" என்று ஒறம்பரை சொந்தங்களின் வீட்டில் சொல்லுகிறார்கள், அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரிக்கிறான். அவன் தொப்பை வளம், அவள் இடுப்பு வியாதி. அவன் சாப்பிட்டால் உழைக்கிற உடம்பு, அவள் சாப்பிட்டால் "அம்மிணிக்கு இன்னொரு இட்லி வேண்டாமல்ல?" அதை மோகனாக்கா கேட்கிற விதமே தனி. வேண்டாமல்ல என்று பதிலையும் அவளே சேர்த்துக் கொடுத்துவிடுவாள். இட்லி சட்டியிலேயே கிடக்கும், சுகந்தி பிறகு ஆளில்லாதபோது நின்றுகொண்டே தின்பாள், ஆறிப்போனதை, சட்னி இல்லாமல், திருடியது போல.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போய்விடாதே என்று மனசை இழுத்துப் பிடித்தாள். அது எங்கே கேட்கிறது, செக்குமாடு மாதிரி அந்த வட்டத்துக்கே வந்து நிற்கிறது. வீட்டில் எல்லோரும் ஒறம்பரையில் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். அவளுக்குக் காலை வேலை, மத்தியானம் வந்துவிட்டாள். பூபதியும் மண்டியிலிருந்து சீக்கிரம் வந்தான். வீடு முழுக்க ஆளில்லை, அப்படி ஒரு பகல் அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வந்தவள், ஜன்னலைச் சாத்தப் போனாள், சாத்தாமல் நின்றாள். வேப்பமரத்து நிழலும் வெயிலும் கலந்து அவள் தோளில் ஆடியது. தன் தோள் அழகாக இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்கே தோன்றியது, முப்பத்து மூன்று வயதில், முதல்தடவையாக. அதை அவனும் பார்க்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளாகப் போய் அவனைத் தொட்டாள், கண்ணைத் திறந்துகொண்டு. அவளாக அவன்மேல் சாய்ந்தாள், ஏறினாள். அவன் முகத்தை மேலிருந்து அப்போதுதான் பார்க்கிறாள், புருவத்துக்கு நடுவில் ஒரு சின்ன மச்சம் இருப்பதை அப்போதுதான் பார்க்கிறாள். அந்த முகம் சிரித்தது. "ஐயோ அம்மிணி, மூச்சு முட்டுது, எறங்கு எறங்கு" என்று சிரித்துக்கொண்டே அவள் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினான். மண்டியில் எடை முடிந்த மூட்டையைத் தட்டுவார்களே, தூக்கிப் போ என்று, அந்தத் தட்டு. அவள் இறங்கினாள். சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், டீ வைத்தாள். அவன் வந்து குடித்துவிட்டு, "சக்கரை கம்மியா இருக்குது" என்றான். அப்புறம் அவள் எந்த இருட்டிலும் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அந்தச் சிரிப்பு இருட்டிலும் தெரிந்தது. அவனும் ஏன் என்று கேட்கவில்லை, இரண்டு மாசத்தில் இடுப்பு வலி என்று கட்டிலை விட்டுக் கீழே பாய் போட்டுக்கொண்டான். அதைக்கூட மன்னித்திருப்பாள். மடத்தனமாகச் சிரித்துவிட்டான், ஆம்பளைக்கு வாய் எங்கே வைக்கவேண்டும் என்று தெரியாது என்று விட்டிருப்பாள். ஆனால் ஒரு வாரம் கழித்து, துணி காயப்போடும்போது, மோகனாக்கா க்ளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, "எங் கொழுந்தனுக்கு மூச்சு முட்டாமப் பாத்துக்க அம்மிணி" என்றாள். கண்ணைச் சிமிட்டினாள். அதே வார்த்தை. அண்ணனிடம் சொல்லியிருக்கிறான், தமாஷாக, அண்ணன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். உலகத்தில் இரண்டே பேருக்குச் சொந்தமான ஒரு மத்தியானத்தைக் கொண்டுபோய் மண்டியில் கொட்டிவிட்டான்.

வரிசை நகர்ந்தது. இரண்டு பேர். தராசில் இப்போது ஒரு புது மாப்பிள்ளை, முருங்கைக்காய் போல நீளமாக, கூச்சத்தோடு உட்கார்ந்து காற்றில் ஆடினான். "பாத்துப்பா, காத்துல பறந்துறப்போற" என்று தராசுக்காரர் மைக்கிலேயே சொல்ல, அதற்கும் சிரிப்பு. சிரிப்புக்குத்தான் பஞ்சமே இல்லை. அவள் ஏறினால் என்ன சொல்லுவார்? ஏதாவது சொல்லுவார், மைக் இருக்கிறது, சொல்லாமல் இருப்பாரா. சங்கிலி அறுந்தால்? அறாது, இரும்பு. பலகை முறிந்தால்? பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சு முறிந்திருக்கிறது, ஏழாவது படிக்கும்போது, அதில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், முறித்தவள் என்ற பேர் மட்டும் அவள் ஒருத்திக்கு. இப்போதே சொல்லிவிடலாம். அத்தை, வெல்லம் பத்தாது, இன்னொரு சிப்பம் எடுத்துவரச் சொல்லுங்க என்று காதோடு சொன்னால் முடிந்தது. அவன் அசடு வழிந்து, ஒரு ஆளை விட்டு அடிவாரத்துக் கடையிலிருந்து எடுத்துவரச் செய்வான், யாருக்கும் தெரியாது, அவன் மானம் தப்பிக்கும். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடலாம். தூரம் என்று சொல்லிவிடலாம், அப்போது யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆறு வருஷமாக அவள் செய்தது இதுதானே, அவன் வெட்கப்படுவதற்கு முன்னால் ஓடிப்போய் அவன் வெட்கத்துக்குத் திரை பிடிப்பது. போட்டோவில் அவளாகவே பின்னால் போய் நின்றாள், விளக்கை அவளே அணைத்தாள், தெருவில் அவளே மெதுவாக நடந்தாள். "என்ன அம்மிணி, மூஞ்சி இப்பிடி வேர்க்குது?" என்று பின்னாலிருந்து மோகனா கேட்டாள். "வெயில்தானுங்கக்கா." "பயப்படாத, இந்தத் தராசு யானையவே தாங்குமாமா." "அப்பச் சரிங்க" என்றாள் சுகந்தி. வேறு நாளாக இருந்தால் அந்த யானையை வீடுவரைக்கும் சுமந்துபோய்த் தலையணையில் போட்டு அழுதிருப்பாள். இன்றைக்கு அது உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டது. பூபதி மூட்டைப் பக்கத்தில் நின்றான், அங்கேயும் பத்தடி தள்ளி. அவள் பார்ப்பதைப் பார்த்தான். மூட்டையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது, காட்டிக்கொடுத்துவிடாதே என்கிற கெஞ்சல். சொல்லமாட்டேன் என்று அவள் முடிவு செய்தாள். நான் எதுக்குச் சொல்லணும்? தராசு சொல்லட்டும்.

"சுகந்தி பூபதி, எடைக்கு எடை வெல்லம்" என்று மைக் கூப்பிட்டது. செருப்பில்லாத காலில் கல் சுட்டது. ஏறினாள். பலகையில் உட்கார்ந்து, சம்மணம் போட்டு, இரண்டு பக்கமும் சங்கிலியைப் பிடித்தாள். தட்டு தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. ஒரு சிப்பம் ஏற்றினார்கள், அசைவில்லை. இரண்டாவது சிப்பம், கோல் ஒரு முனகல் முனகியது. பத்துக் கிலோ பை. எதிர்த் தட்டு அந்தரத்தில் நின்றது, அவள் தட்டு தரையோடு தரையாக. தராசுக்காரர் கோலைப் பார்த்தார், மூட்டைகள் இருந்த இடத்தைப் பார்த்தார். "இன்னும் வெல்லம் இருக்குதுங்களா?" என்று மைக்கை மறந்து மைக்கிலேயே கேட்டார். கூட்டத்தில் பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, அது மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டா, எழுபதுன்னு நீதான சொன்ன?" என்றாள் அத்தை. "மண்டில ஏதோ தப்பாப் போட்டுட்டாங்களாட்ட இருக்குதும்மா" என்றான், கண்ணால் பார்த்தே கால் கிலோ தப்பாமல் சொல்லுகிறவன். வேர்த்துப்போய் அவள் பக்கம் வந்தான், குனிந்தான், கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை பேர் நடுவில் இவ்வளவு கிட்டத்தில் அவன் முகம் வந்தது இதுதான் முதல் தடவை. "செரி, பரவால்ல, எறங்கு" என்றான் மெதுவாக. "அப்பறமேட்டுப் பாத்துக்கலாம். எறங்கு அம்மிணி." சொல்லிக்கொண்டே பலகையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அந்த இரண்டு தட்டு.

"எறங்கமாட்டனுங்க" என்றாள்.

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அன்னைக்கு எறங்கினேன். இன்னைக்கு எறங்கமாட்டேன். நா தொண்ணூத்தெட்டு. உங்களுக்குத் தெரியும். ஒரு சிப்பம் கொறையுது, போய் எடுத்துட்டு வாங்க."

தராசுக்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். பூபதி நிமிர்ந்து, சுமைக்கு வந்த ஆளைத் தேடிக் கண்ணை ஓட்டினான். "ஆளெல்லாம் வேண்டாம். நீங்களே தூக்கிட்டு வாங்க மாமா" என்றாள் சுகந்தி. சத்தம் போடவில்லை, ஊசி போடும்போது கையைத் தளர்த்துங்க என்று சொல்லுவாளே, அந்தக் குரல்தான். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். படி இறங்கிப் போனான். நூற்றிப் பத்துப் படி.

அவள் உட்கார்ந்திருந்தாள். அத்தை பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அன்னைக்குன்னா என்னைக்கு அம்மிணி?" என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது. "பதினாலு மாசமாச்சுங்க அத்தை. எம் பக்கத்துல வந்து. பிள்ளை எந்தப் பக்கமுங்க வரும்?" அத்தையின் முகத்தில் முதலில் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. பிறகு அது போய் வேறு ஏதோ வந்தது, என்றைக்கோ தானும் முழுங்கியது ஒன்று தொண்டைக்கு ஏறி வந்தது போல. மோகனா "ஏனுங்கத்தை, ஆளுக நிக்கறாங்க, வேற நாளைக்கு..." என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா இரு" என்றாள் அத்தை. தேங்காய்த் தட்டை மோகனா கையில் திணித்துவிட்டு, மண்டபத்து ஓரம் போய், படிக்குக் கீழே பார்த்து, "அடே பூபதி! வெரசா ஏறுடா!" என்று ஒரு சத்தம் போட்டாள். கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறு திசைக்குப் போனது. சுகந்தி சிரிக்கவில்லை. சங்கிலி உள்ளங்கையில் சூடாக இருந்தது. வயிறு மடியில் இறங்கி உட்கார்ந்திருந்தது, இடுப்பு பலகைக்கு வெளியே இரண்டு பக்கமும் வழிந்தது, எதையும் அவள் முந்தானையால் இழுத்து மூடவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்து முடித்தும் அவள் அங்கேயேதான் இருந்தாள். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று நினைத்தாள், நினைத்ததும் ஆத்திரம் குறையவில்லை, இன்னும் கூடியது. எத்தனை வருஷம்! எத்தனை ஆறிப்போன இட்லி!

முதலில் சிப்பம்தான் தெரிந்தது, பிறகு அதற்குக் கீழே அவன் தலை. தோளில் மூட்டை, ஒரு கை மூட்டைமேல், ஒரு கை முழங்காலில் ஊன்றி, படிக்குப் படி நின்று நின்று வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, வாய் திறந்திருந்தது. மண்டபத்துக்குள் வந்து நின்றபோது பேச்சு வரவில்லை, நெஞ்சு மட்டும் மேலும் கீழும் போனது.

"மூச்சு முட்டுதுங்களா மாமா?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். மோகனா வேறெங்கோ பார்த்தாள். சிப்பத்தைத் தட்டில் இறக்கினான். கோல் முனகியது, திரும்பியது, எதிர்த் தட்டு மெதுவாகக் கீழே வர, சுகந்தியின் தட்டு தரையை விட்டது. ஒரு விரல், ஒரு சாண். நினைவு தெரிந்த நாளாக அவளை யாரும் தூக்கியதில்லை. காற்று பலகைக்கு அடியில் புகுந்தது, உள்ளங்காலில் பட்டது. "ரெண்டு கிலோ கூட" என்று தராசுக்காரர் பை வாயைப் பிரித்து நாலு உருண்டை வெல்லத்தை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டு தட்டும் ஆடின, மேலே, கீழே, மேலே. பூபதி சட்டென்று முன்னால் வந்து, எல்லோரும் பார்க்க, ஒரு கையால் சங்கிலியையும் இன்னொரு கையால் அவள் முழங்காலையும் சேர்த்துப் பிடித்தான். ஆடாமல் நிறுத்தவா, வேறு எதற்காவதா, அவனுக்கே தெரிந்திருக்காது. ஈரக் கை. பகலில், வெளிச்சத்தில், அந்தக் கை.

அவள் அதைப் பார்த்தாள். மச்சத்துக்கு மேல் வேர்வை நின்ற அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கையை எடுங்க" என்றாள். "தானா நிக்கும்."

அவன் எடுத்தான். நின்றது.